கெர்னல் டிரைவர் மாறும்போது அதன் ஆவணமும் உடன் மாற என்ன வழி?

வெப்பமானி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதர்போர்டில் வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறியின் வேகம் முதலியவற்றை அளக்கும் சிப்களுக்கான லினக்ஸ் டிரைவர்களில் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) வேலை செய்கிறேன். லினக்ஸின் மையமான கெர்னலில் இவை எச்டபிள்யூமான் (hwmon) என்ற துணை அமைப்பின் கீழ் வருகின்றன. நாங்கள் எழுதிய டிரைவர் மெயின்லைனில் (கெர்னலின் அதிகாரபூர்வ மூல நிரலில்) சேர்ந்துவிட்டது. அந்தத் துணை அமைப்பின் விதிப்படி, டிரைவரோடு ஓர் ஆவணக் கோப்பையும் எழுதிக் கொடுத்தோம்; அது மூல நிரலின் டாக்குமென்டேஷன் அடைவுக்குள் எச்டபிள்யூமான் பகுதியில் இருக்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அதே சிப்பின் புதிய வகைகளுக்கும் டிரைவர் ஆதரவு தரத் தொடங்கியது. சிஸ்எஃப்எஸ் (கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடைமுகம்) வழியாகப் பயனருக்குத் தெரியும் பண்புகள் சில கூடின. எச்சரிக்கை வரம்பை எழுதும் முறையும் மாறியது. இந்த மாற்றங்கள் எல்லாம் நிரலில் சரியாக ஏறின. ஆவணக் கோப்பு மட்டும் முதல் நாளில் எழுதியபடியே நிற்கிறது. சரியான விவரங்கள் எங்கள் அலுவலகத்தின் உள் விக்கிப் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் அதை வெளியார் யாரும் பார்க்க முடியாது. அண்மையில் ஒரு பயனர், மின்திறனைக் காட்டும் பண்பு மில்லிவாட்டில் இருப்பதாக எண்ணித் தம் கண்காணிப்பு நிரலை எழுதியிருந்தார். எச்டபிள்யூமான் மரபுப்படி அது மைக்ரோவாட். அவருக்குத் திரையில் வந்த மதிப்புகள் உண்மையைவிட ஆயிரம் மடங்கு பெரிதாக இருந்தன. எங்கள் ஆவணத்தில் அலகு எங்கும் குறிப்பிடப்படவில்லை என்பதால் அவரைக் குறை சொல்ல இடமில்லை.

இந்த ஆவணத்தைத் தொடர்ந்து பேணும் பொறுப்பை ஏற்க விரும்புகிறேன். எதை ஆவணக் கோப்பில் எழுத வேண்டும், எதை நிரலுக்குள் குறிப்புரையாக வைக்க வேண்டும்? நிரலும் ஆவணமும் விலகிப் போவதைக் கண்டுபிடிக்கக் கருவி ஏதேனும் உண்டா? டிரைவரின் பராமரிப்பாளராக இல்லாத ஒருவர் ஆவணத்துக்கு மட்டும் பொறுப்பேற்க முடியுமா?

நெடுவழி

உள் விக்கியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே உங்களுக்குத் தடையாக இருக்கும். கெர்னலின் புதிய பதிப்பு ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. அதே நேரத்தில் நெடுங்கால ஆதரவுப் பதிப்புகளை ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மூல நிரலுக்குள் இருக்கும் ஆவணம் அந்தந்தப் பதிப்போடு சேர்ந்தே பயணிக்கிறது. 5.10 ஓட்டுபவர் 5.10-இன் ஆவணத்தைப் படிக்கலாம். அதில் பின்னால் வந்த பண்புகள் இருக்கமாட்டா, இருக்கவும் கூடாது. விக்கிப் பக்கத்துக்கு இந்தப் பதிப்பு உணர்வு கிடையாது. எனவே அதில் உள்ளவற்றை மூல நிரலுக்குள் கொண்டுவந்த பிறகு விக்கியில் ஒரு சுட்டியை மட்டும் விட்டுவைப்பதே நல்லது.

இனி உங்கள் முதல் கேள்வி. படிப்பவர் யார் என்று பார்த்தால் பிரிவினை எளிதாகிவிடும். டிரைவரைப் பயன்படுத்துபவருக்கு வேண்டியவை, அதாவது ஆதரிக்கப்படும் சிப்களின் பெயர்கள், அவற்றின் முகவரிகள், ஒவ்வொரு பண்பின் பொருள், அலகு, எழுதத்தக்கதா அல்லவா என்பன, ஆவணக் கோப்புக்குரியவை. அலகுகளுக்கு எச்டபிள்யூமான் பகுதியிலேயே சிஸ்எஃப்எஸ் இடைமுகம் பற்றிய பொது ஆவணம் ஒன்று இருக்கிறது: வெப்பநிலை மில்லி டிகிரி செல்சியஸிலும், மின்னழுத்தம் மில்லிவோல்ட்டிலும், மின்னோட்டம் மில்லிஆம்பியரிலும், மின்திறன் மைக்ரோவாட்டிலும், விசிறி நிமிடச் சுழற்சியிலும் தரப்படுகின்றன. 45 டிகிரி என்பது 45000 என்று வரும். பொது ஆவணத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாமல், உங்கள் பண்புப் பட்டியலிலும் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். ஒரு டிரைவரைத் தேடி வருபவர் பொது ஆவணத்தைத் திறந்து பார்ப்பார் என்று நம்பியிருக்க முடியாது.

மற்றொரு நிரலாளருக்கு வேண்டியவை நிரலுக்கு அருகிலேயே, கெர்னல்-டாக் என்ற கருவி படிக்கும் குறிப்புரையாக இருக்க வேண்டும். சாய்கோடும் அதைத் தொடர்ந்து இரண்டு நட்சத்திரக் குறிகளும் கொண்டு தொடங்கும் குறிப்புரையை மட்டுமே கருவி ஆவணமாக எடுத்துக்கொள்ளும். ஒற்றை நட்சத்திரம் என்றால் அது சாதாரணக் குறிப்பு. முதல் வரியில் செயற்கூற்றின் (function) பெயரும் ஒரு கோடும் ஒருவரி விளக்கமும், அடுத்த வரிகளில் @ குறியோடு ஒவ்வோர் அளபுருவும் (parameter), பிறகு விரிவான விளக்கம், தேவையானால் எந்தச் சூழலில் அழைக்கலாம் என்ற பகுதி, இறுதியில் திருப்பியனுப்பும் மதிப்பு என்று அது அமையும். திருப்பியனுப்பும் மதிப்பை எழுதாமல் விடுபவர்கள் மிகுதி. அழைப்பவருக்கோ அதுதான் முதலில் வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, இப்படி எழுதிய குறிப்புரையின் ஒரு பாதியை இயந்திரமே காவல் காக்கும். சேனல் என்ற ஒரே அளபுரு கொண்ட செயற்கூறு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் அதில் ஃபிளாக்ஸ் என்ற இரண்டாவது அளபுருவைச் சேர்த்துவிட்டுக் குறிப்புரையைத் தொடாமல் விடுகிறார். டபிள்யூ=1 (W=1) என்ற, கூடுதல் எச்சரிக்கைகளைக் காட்டும் தெரிவோடு கம்பைல் செய்தால், ஃபிளாக்ஸ் என்ற அளபுரு விளக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை வரும். மாறாக, அளபுருவை நீக்கிவிட்டு விளக்கத்தை விட்டுவைத்தால், விளக்கம் மிகையாக இருக்கிறது என்ற எச்சரிக்கை வரும். ஒவ்வொரு பேட்சையும் (மாற்றங்களின் தொகுப்பு) அனுப்பும் முன் இந்தத் தெரிவோடு ஒருமுறை கம்பைல் செய்யும் வழக்கத்தை உங்கள் குழுவில் கட்டாயமாக்குங்கள். அந்தக் குறிப்புரைகளை வாசிக்கும் கருவி நெடுங்காலம் பெர்ல் மொழியில் இருந்து, 2025-இல் பைத்தானில் திருத்தி எழுதப்பட்டது. குறிப்புரை எழுதும் முறையில் அதனால் மாற்றம் எதுவும் இல்லை.

மறு பாதியை எந்தக் கருவியும் காக்காது. இதை அழைப்பவர் இன்ன லாக்கை, அதாவது ஒரே தரவைப் பலர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டை, பிடித்திருக்க வேண்டும் என்று ஒரு குறிப்புரை சொல்கிறது. பின்னர் லாக் அமைப்பே மாறிவிடுகிறது. வாக்கியம் அப்படியே நிற்கிறது. அளபுருக்கள் மாறாததால் எச்சரிக்கை எதுவும் எழாது, ஆனால் அந்த வாக்கியத்தை நம்பி எழுதப்படும் நிரல் பிழையாகிவிடும். இவ்வகைக் கூற்றுகளை முடிந்தவரை நிரலாகவே எழுதிவிடுவது என் வழக்கம். லாக் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று ஓடும்போதே சோதிக்கும் லாக்டெப் கூற்று ஒன்றைச் செயற்கூற்றின் முதல் வரியாக வையுங்கள். உறங்கக்கூடிய (காத்திருக்க நேரும்போது இயக்கத்தை நிறுத்திவைக்கும்) செயற்கூறு என்றால் மைட்_ஸ்லீப் அழைப்பை வையுங்கள். சோதனைக் கெர்னலில் விதி மீறப்பட்டால் உடனே கூச்சல் எழும். குறிப்புரையில் அதே விதியை மனிதருக்கும் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்திருக்கும்போது, லாக்கை மாற்றுபவர் சோதனை வரியை மாற்றியே ஆக வேண்டும். அப்போது அதற்கு மேலே இருக்கும் வாக்கியமும் கண்ணில் படும்.

இன்னொன்று: பயனர் காணும் நடத்தையை மாற்றும் பேட்சிலேயே, அல்லது குறைந்தபட்சம் அதே பேட்ச் தொடரிலேயே, ஆவணத் திருத்தமும் இருக்க வேண்டும். பிறகு தனியாக அனுப்புகிறேன் என்று சொல்லப்படும் ஆவணத் திருத்தங்கள் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. எழுதியவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். ஏன் அந்த மாற்றம் செய்யப்பட்டது என்பதும் அவரோடு போய்விடுகிறது.

பழஞ்சுவடி

நெடுவழி சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் குறிப்புரைகளுக்கு அவர் தரும் முதன்மையை அப்படியே ஏற்க முடியவில்லை. செயற்கூறு ஒவ்வொன்றுக்கும் குறையற்ற கெர்னல்-டாக் இருந்தும், அந்தத் துணை அமைப்பைப் புதிதாகப் படிக்க வருபவர் வாசலிலேயே நின்றுவிடும் நிலை கெர்னலில் பல இடங்களில் இருக்கிறது. ஒரு பொருள் எப்போது உருவாகிறது, யார் அதன் உரிமையாளர், எந்த வரிசையில் அழைப்புகள் நிகழ்கின்றன, எப்போது அது விடுவிக்கப்படுகிறது என்ற கதையை எந்தத் தனிச் செயற்கூற்றின் தலையிலும் எழுத முடியாது. அதற்குத் தொடர்ச்சியான உரைநடை வேண்டும். மெமரி பேரியர்கள் (நினைவக அணுக்கங்களின் வரிசையைக் கட்டுப்படுத்துபவை) பற்றிய ஆவணத்தைப் பாருங்கள். இன்றும் அது வெறும் உரைக்கோப்பாகவே இருக்கிறது. தான் ஒரு விவரக்குறிப்பு அல்ல என்றும், முழுமையானதும் அல்ல என்றும் தொடக்கத்திலேயே அறிவிக்கிறது. ஆயினும் அந்தப் பொருளைக் கற்க வருபவர்கள் அதைத்தான் தேடிப் போகிறார்கள், ஏனெனில் அது காரணம் சொல்கிறது. ஆவணம் என்பது காரணம் சொல்லும் இடம். என்ன நடக்கிறது என்பதை நிரலைப் படித்தே ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

பழைய ஆவணங்களைக் கையாள்வது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கோப்பு எவ்வளவு பழையது என்று அறிய அதன் கடைசி கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) தேதியைப் பார்ப்பது இயல்பு. கெர்னல் ஆவணங்களில் அந்தத் தேதி ஏமாற்றும். 2016-இல் வெளிவந்த 4.8 பதிப்பில்தான் ஆவணங்களை உருவாக்க, டாக்புக் முறைக்கு மாற்றாக ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி வந்தது. அதன் பிறகு சில ஆண்டுகள், வெறும் உரைக்கோப்புகளாக இருந்தவை கூட்டங்கூட்டமாக ரீஸ்ட்ரக்சர்டு-டெக்ஸ்ட் வடிவுக்கு மாற்றப்பட்டன. 2023-இல் எக்ஸ்86 போன்ற கட்டமைப்புகளின் ஆவணங்கள் ஆர்ச் என்ற ஒரே அடைவின் கீழ் நகர்த்தப்பட்டன. இவை ஒவ்வொன்றும் கோப்புக்குப் புதிய தேதியைத் தந்தன. உள்ளே இருக்கும் வாக்கியங்களை யாரும் சரிபார்த்ததாக அதற்குப் பொருளில்லை. கோப்பின் பெயர் மாற்றங்களையும் பின்தொடரும் தெரிவோடு கிட் (மாற்றங்களைப் பதியும் கருவி) வரலாற்றை எடுத்து, சொல் உண்மையில் மாறிய கடைசி கமிட்டைத் தேடுங்கள். பிறகு அந்தத் தேதிக்கும் இன்றைக்கும் இடையில் டிரைவர் கோப்பில் நடந்த கமிட்டுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். உங்கள் டிரைவர் போன்ற ஒன்றுக்கு இது ஒரு மாலை வேலையாக முடியக்கூடும். அந்தப் பட்டியலே உங்கள் ஆவணத்தில் விடுபட்டவற்றின் பட்டியல்.

நீக்குவதற்கும் தயங்காதீர்கள். இல்லாத தெரிவை விளக்கும் பத்தி, கெர்னலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்ட வசதிக்கான வழிகாட்டி ஆகியவை படிப்பவரைத் தவறான வழியில் அனுப்பும். கெர்னலின் ஆவண வழிகாட்டியே பழைய ஆவணங்களைச் சரிசெய்யவோ அகற்றவோ முன்வரும்படி பங்களிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறது. அடைவுதோறும் 00-இண்டெக்ஸ் என்ற பட்டியல் கோப்பு ஒரு காலத்தில் இருந்தது. யாரும் அவற்றைப் புதுப்பிக்காததால் 2018-இல் மொத்தமாக நீக்கினார்கள். நல்ல முடிவு அது. தவறான பட்டியல் இருப்பதைவிடப் பட்டியல் இல்லாதிருப்பது படிப்பவருக்குப் பாதுகாப்பானது.

ஒன்பதாம்பகுதி

லினக்ஸ் அல்லாத ஒரு மரபையும் சொல்ல விரும்புகிறேன். ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் கெர்னலின் உட்செயற்கூறுகளுக்குக் கூட மேன் பக்கங்கள் (டெர்மினலில் படிக்கும் கையேட்டுப் பக்கங்கள்) உண்டு. அவை கையேட்டின் ஒன்பதாம் பகுதியில் வரும். கெர்னல், பயனர் கருவிகள், மேன் பக்கங்கள் எல்லாம் ஒரே மூல நிரல் தொகுப்பில் இருப்பதால், ஒரு சிஸ்டம் காலின் (நிரல்கள் கெர்னலிடம் சேவை கேட்கும் அழைப்பின்) நடத்தையை மாற்றுபவர் அதன் மேன் பக்கத்தையும் ஒரே கமிட்டில் மாற்ற முடிகிறது. லினக்ஸில் சிஸ்டம் கால்களின் மேன் பக்கங்கள் மேன்-பேஜஸ் என்ற தனித் திட்டத்தில் இருக்கின்றன. நிரல் ஓரிடம், மேன் பக்கம் வேறிடம், பராமரிப்பவர்களும் வேறு. புதிய சிஸ்டம் கால் வந்தால் யாராவது நினைவோடு அங்கே போய் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் டிரைவருக்கு இந்தப் பிளவு இல்லை. நிரலும் ஆவணமும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. நெடுவழி சொன்ன ஒரே தொடர் என்ற விதியைக் கடைப்பிடிக்க உங்களுக்குத் தடை ஏதும் இல்லை.

வெப்பமானி

மூவருக்கும் நன்றி. பழஞ்சுவடி சொன்ன முறையில் வரலாற்றை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியே எங்கள் கோப்பின் கடைசி கமிட் வெறும் வடிவ மாற்றம்தான். விடுபட்டவற்றைப் பட்டியலிட்டுவிட்டேன். இப்போது இதை எப்படிப் பிரித்து, யாருக்கு அனுப்புவது என்பதில் குழப்பமாக இருக்கிறது. எச்டபிள்யூமான் பராமரிப்பாளருக்கா, ஆவணங்களின் பராமரிப்பாளருக்கா? மேலும், கெர்னல் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்புகளும் இருப்பதைக் கண்டேன். அங்கே தமிழ் இல்லை. அதைத் தொடங்குவது பயனுள்ளதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

அஞ்சல்வழி

யாருக்கு என்பதை நீங்கள் ஊகிக்கத் தேவையில்லை. கெட்_மெயின்டெய்னர் என்ற ஸ்கிரிப்டிடம் உங்கள் பேட்சைக் கொடுத்தால், எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று பட்டியலிடும் மெயின்டெய்னர்ஸ் கோப்பைப் பார்த்து அதுவே பெறுநர்களைச் சொல்லும். டாக்குமென்டேஷன் அடைவு முழுவதற்கும் பொறுப்பாளராகப் பல ஆண்டுகளாக ஜோனதன் கார்பெட் இருந்துவருகிறார். ஆனால் அந்த அடைவு மற்றத் துணை அமைப்புகள் எல்லாவற்றின் எல்லைக்குள்ளும் புகுந்து செல்வது. ஆகவே ஒரு டிரைவரின் ஆவணம் வழக்கமாக அந்தத் துணை அமைப்பின் பராமரிப்பாளர் வழியாகவே போகிறது. உங்கள் தொடரை எச்டபிள்யூமான் பக்கத்துக்கு அனுப்பி, லினக்ஸ்-டாக் அஞ்சல் பட்டியலுக்கும் நகல் வையுங்கள்.

பராமரிப்பாளராக இல்லாமல் ஆவணத்துக்குப் பொறுப்பேற்கலாமா என்ற உங்கள் பழைய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. மெயின்டெய்னர்ஸ் கோப்பில் உங்கள் டிரைவருக்கான பதிவைத் திறந்து பாருங்கள். எம் என்ற எழுத்தோடு தொடங்கும் வரி பராமரிப்பாளரைக் குறிக்கும். ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் வரி மதிப்பாய்வாளரைக் குறிக்கும். எஃப் வரிகள் அந்தப் பதிவின் கீழ் வரும் கோப்புகளைக் குறிக்கும். டிரைவரின் சி கோப்பு எஃப் வரியில் இருந்து, ஆவணக் கோப்பு விடுபட்டிருந்தால், ஆவணத்தைத் தொடும் பேட்சுகள் உங்கள் குழுவுக்கு வந்தே சேராது. ஆவணத்தின் பாதையைச் சேர்த்து, பராமரிப்பாளரின் இசைவோடு உங்கள் பெயரை ஆர் வரியில் சேர்க்கும் சிறு பேட்ச் ஒன்றை அனுப்புங்கள். அதன் பின் டிரைவரில் யார் கைவைத்தாலும் நகல் உங்களுக்கு வரும்; ஆவணம் தொடப்படவில்லையென்றால் அங்கேயே கேட்டுவிடலாம். ஆவணத்தைப் பேணுவதற்கு இதைவிட உறுதியான ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

பேட்சைப் பிரிப்பது பற்றி: பிழையான கூற்றுகளைத் திருத்துவதை ஒரு பேட்சாகவும், புதிய சிப்களையும் பண்புகளையும் சேர்ப்பதை இன்னொன்றாகவும், சொல்நடைத் திருத்தங்களைத் தனியாகவும் வையுங்கள். எழுத்துப்பிழையும் பொருட்பிழையும் ஒரே பேட்சில் கலந்தால், மதிப்பாய்வு செய்பவருக்கு எதைக் கவனித்துப் படிப்பது என்று தெரியாமல் போகும். கமிட் செய்தியில் எந்த நிரல் மாற்றத்தால் ஆவணம் பழையதானது என்று அந்தக் கமிட்டைச் சுட்டி எழுதுங்கள். அனுப்பும் முன் எச்டிஎம்எல்டாக்ஸ் இலக்கோடு மேக் கட்டளையை ஓட்டுங்கள். ஸ்ஃபிங்க்ஸ்டிர்ஸ் என்ற மாறியில் எச்டபிள்யூமான் என்று கொடுத்தால் அந்தப் பகுதியை மட்டும் உருவாக்கும், முழுத் தொகுப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எச்டிஎம்எல்லில் அழகாகத் தெரிய வேண்டும் என்று குறியீடுகளைக் குவிக்காதீர்கள். கெர்னல் நிரலாளர்கள் பலர் இந்தக் கோப்புகளை டெர்மினலிலேயே வெறும் உரையாகப் படிக்கிறார்கள். செயற்கூற்றின் பெயருக்குப் பின் அடைப்புக்குறிகளை மட்டும் இட்டால் போதும், இணைப்பு தானாக உருவாகும். 2019 முதல் அந்த வசதி இருக்கிறது.

சிஸ்எஃப்எஸ் பண்புகளில் பொது எச்டபிள்யூமான் மரபுக்குள் அடங்காத ஏதேனும் இருந்தால், ஏபிஐ (ABI, பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் கெர்னல் இடைமுகங்கள்) அடைவிலும் அதற்கு ஒரு பதிவு எழுத வேண்டுமா என்று பராமரிப்பாளரிடம் கேளுங்கள். அங்கே ஸ்டேபிள், டெஸ்டிங், அப்சலீட், ரிமூவ்ட் என நான்கு பிரிவுகள் உள்ளன. ஸ்டேபிளில் ஏறியதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மாறாது என்ற உறுதி தரப்படுகிறது. எனவே புதியவை டெஸ்டிங்கில்தான் தொடங்கும்.

தமிழ் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். சீனம், சப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் முதலிய மொழிகளில் ஆவணங்கள் டிரான்ஸ்லேஷன்ஸ் அடைவில் இருக்கின்றன. அங்கே இடம் பெறுவது கடினமல்ல. தொடர்ந்து நிற்பதுதான் கடினம். ஆங்கில மூலமே அதிகாரமுள்ளது என்று மொழிபெயர்ப்புகளின் தொடக்கத்திலேயே குறிப்பிடப்படுகிறது. மூலம் மாறும்போதெல்லாம் மொழிபெயர்ப்பும் மாற வேண்டும். மொழிபெயர்ப்பு எந்தக் கமிட்டுகளில் பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் ஸ்கிரிப்டும் இருக்கிறது. டிரைவர் ஆவணங்களையோ உட்செயற்கூறுகளையோ தமிழில் பெயர்ப்பதால் பயன் குறைவு, ஏனெனில் அவற்றைப் படிப்பவர் நிரலையும் உடன் படிக்க வேண்டியிருக்கும். முதல் பேட்சை அனுப்ப முற்படும் கல்லூரி மாணவருக்குப் பயன்படுவது பிராசஸ் அடைவில் உள்ளவையே: பேட்ச் அனுப்பும் முறை, நிரல் எழுதும் நடை, கெர்னல் வளர்ச்சிக்கான அறிமுகம் ஆகியவை. அவை மெதுவாகவே மாறுபவை என்பதால் சிறு குழுவாலும் பின்தொடர முடியும். உங்களோடு இன்னும் ஒருவராவது மதிப்பாய்வுக்கு உறுதியாக இருந்தால், பேட்ச் அனுப்பும் முறை பற்றிய ஆவணத்தை எடுத்துத் தொடங்குங்கள். வரைவை இங்கே இட்டால் நானும் படித்துத் திருத்தம் சொல்கிறேன். ஆனால் உங்கள் டிரைவர் ஆவணத்துக்கான தொடர் முதலில் போகட்டும். அலகு தெரியாமல் இன்னொருவர் தவறாகக் கணக்கிடுவதற்குள் அது மெயின்லைனில் ஏற வேண்டும்.